ரூத்துக்கு ஆகாத கொள்ளு

திங்கட்கிழமை காலையில் தபீதாள் எழுந்ததும் ஜெபம் பண்ணவில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இது முதல் தடவை. நேராகப் பின்கட்டுக்கு ஓடி, கொட்டகைப் படலைத் தள்ளி, ரூத்தின் முதுகைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில், "ஐயோ ஆண்டவரே!" என்று அலறினாள். அதையே ஜெபமாக எடுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

கழுத்திலிருந்து தொடை வரைக்கும் தடிப்பு. பணியாரம் பணியாரமாகத் தடிப்பு. அதுவும் இன்றைக்கு!

ரூத் யார் என்று இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்கள் கேட்பார்கள். ரூத் ஒரு குதிரை. சாம்பல் நிறப் பெண் குதிரை. சித்தூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டும் ஞானசிங், ஏழு வருஷத்துக்கு முன் திருப்பதியிலிருந்து வாங்கி வந்தது. அவர் மனைவிதான் தபீதாள். ஒரே மகள் யூனிஸ், திருப்பதி கால்நடைக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். குதிரைக்குப் பெயர் வைத்ததும் அவள்தான்.

ஆகஸ்டில் நடந்ததைத்தான் மறக்க முடியாது. வருஷா வருஷம் முனிசிபாலிட்டியில் ஜட்காக் குதிரைகளைப் பரிசோதித்து லைசன்ஸில் முத்திரை போடுவார்கள். மாட்டு டாக்டர் நாகபூஷணம் ரூத்தின் முதுகில் கையை ஓட்டினார். "ஏமய்யா ஞானசிங், எலும்பை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம் போலக்கீதே. இந்த முதுகு மேல சேணம் உக்காந்தா புண்ணாயிடும். மூணு மாசம் டைம். தசை ஏறலைன்னா லைசன்ஸ் லேது, கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

ஜட்கா இல்லையென்றால் ஞானசிங் யார்? அவருக்கே தெரியாது. ஊருக்குள் இரண்டு ஆட்டோ வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயசில் அவர் ஹாண்டில் பிடித்துப் பழக முடியுமா? வேறு தொழிலும் தெரியாது. அந்த மூன்று மாசம் இன்றோடு முடிகிறது. பதினோரு மணிக்குப் பழைய சந்தை மைதானத்தில் பரிசோதனை.

இந்த மூன்று மாசத்தில் அந்த வீட்டு மனுஷர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. குதிரை என்ன சாப்பிட்டது என்பதே பேச்சு.

முதலில் கொள்ளு. குதிரை என்றால் கொள்ளு என்று ரயிலடியில் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். ரூத் வாயில்லா ஜீவன்தான், ஆனால் வயிறு மட்டும் மகாராணி வயிறு. இரண்டாம் நாளே உடம்பெல்லாம் தடித்து, தன் நிழலைப் பார்த்தே மிரண்டு, ஏர்க்காலை உதைத்தது. அப்புறம் கடலைப் பிண்ணாக்கு. அதில் வயிறு கழிந்தது. அப்புறம் பார்லிக் கஞ்சி. அது ஒத்துக்கொண்டது. நன்றாகவே ஒத்துக்கொண்டு வயிறு உருண்டது, முதுகு மட்டும் அப்படியே இருந்தது.

"தொப்பை வந்திச்சி, முதுகு வரல. அப்பிடியே உன்னாட்டம் ஆயிக்கினு வருது" என்றாள் தபீதாள் புருஷனிடம். ஞானசிங் அன்று முழுக்கச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே திரிந்தார்.

யூனிஸ்தான் வழி சொன்னாள். இன்லண்டு லெட்டர் முழுக்க, ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதினாள். கொழுப்பு வேறு, தசை வேறு. குடிபாலாவில் கிணற்றுப் பாசனத்தில் குதிரை மசால் போடுகிறார்கள், அந்தப் பச்சைத் தழையைத் தினம் ஒரு கட்டு கொண்டு வா. அறுவடை முடிந்த கடலைக்கொடியை மண் போக உதறிப் போடு. அவிசெ விதையை, அதுதான் ஆளி விதையை, நன்றாக வேக வைத்து ஒரு பிடி சேர். ஒரு புதுத் தீனிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து நாள் விடு. வெறும் தீனியால் தசை வராது, காலையில் வண்டி இல்லாமல் மேட்டில் ஏற்றி நடத்து. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு: கொள்ளு கண்ணிலேயே காட்டாதே.

ஞானசிங் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்படியே நடந்தார். அக்டோபர் முடிவதற்குள் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சதை மேடு கட்டி, எலும்பு உள்ளே போய்விட்டது. தபீதாள் தினமும் கையை வைத்துப் பார்ப்பாள். பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தையின் எடையைப் பார்க்கிறவளுடைய சந்தோஷம் அவளுக்கு.

ஆனால் மூன்று வாரமாக ஒரு புது வியாதி. திங்கட்கிழமை தடிப்பு வரும், புதன்கிழமை போய்விடும். சேணத்தைக் கழுவினார்கள். சர்ச் காம்பவுண்டில் கட்டும் மரத்தை மாற்றினார்கள். மசாலை ஒரு நாள் நிறுத்திக்கூடப் பார்த்தார்கள். திங்கட்கிழமை தவறாமல் வந்து நின்றது தடிப்பு.

தபீதாளின் அலறலுக்கு ஞானசிங் பல் விளக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தார்.

"வந்துட்சா?"

"வந்துட்சி. இன்னிக்கின்னு பாத்து மூக்கு மேலயும் ரெண்டு போட்டுக்கீது பாரு."

ஞானசிங் ரூத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அவருக்குக் கோபம் வந்தால் பேசுவார். பயம் வந்தால் பேச மாட்டார். தபீதாளுக்கு அது தெரியும், அதனால் அவளும் பேசாமல் தண்ணீர் இறைக்கப் போனாள்.

ஏழரைக்கு யூனிஸ் வந்து இறங்கினாள். திருப்பதியில் முதல் பஸ் பிடித்திருக்கிறாள். பை தோளில் இருந்தபடியே கொட்டகைக்குள் நுழைந்தாள். காதைத் தொட்டாள், இமையை விரித்தாள், தடிப்பை விரலால் அழுத்தினாள். அப்புறம் யாரும் எதிர்பாராத இடத்துக்குப் போனாள். மூலையில் கிடந்த லத்தியைக் குச்சியால் உடைத்துக் கிளறினாள்.

"கலியாணம் பண்ண வேண்டிய பொண்ணு செய்யற வேலையாடி இது?" என்றாள் தபீதாள்.

"இதுக்குத்தாம்மா ஸ்காலர்ஷிப்பு குடுக்கறாங்க. நைனா, இங்க வா. இது இன்னா?"

ஞானசிங் குனிந்தார். பழுப்பாகத் தோல். நடுநடுவே செரிக்காத முழு மணிகள்.

"கொள்ளு!"

"ஊறக்கூட வெக்காம போட்டுக்கிறாங்க. அதான் முழுசா வந்துக்கீது. நேத்து துன்னது."

ஞானசிங் மெதுவாக நிமிர்ந்து மனைவியின் பக்கம் திரும்பினார். "தபீதா."

"நானா? என்னையா கேக்கற?" ஆணையிடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள், ஆணையிட வாயெடுத்துப் பாதியில் நிறுத்தினாள். "அதுக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா? மூணு மாசமா அவிசெ வேவ வச்சி வச்சி என் கை கொழகொழன்னு போச்சி. நான் போடுவனா கொள்ளு?"

"அப்ப என் வூட்டு கொட்டாய்க்குள்ள கொள்ளு நடந்து வந்துச்சா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெருவாசல் வழியாக நடந்து வந்தது. அதன் பெயர் சுந்தரம்மா.

சுந்தரம்மா சர்ச்சில் மணி அடிக்கிறவள், கூட்டிப் பெருக்குகிறவள், சபையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்தவள். "ஸ்தோத்திரம்! நம்ம பொண்ணுக்கு இன்னிக்கிப் பரீட்சை ஆச்சே. வெறும் வயித்தோட போவலாமா?" என்று சொல்லிக்கொண்டே நேராகக் கொட்டகைக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, கையை நீட்டினாள். உள்ளங்கை நிறையக் கொள்ளு.

ரூத் ஆசையாக மூக்கை நீட்டியது. யூனிஸ் பாய்ந்து கயிற்றை இழுத்தாள்.

"நீயா?" என்றார் ஞானசிங்.

"நான் மட்டுமா? பதினாலு பேரு போடறோம். ஆளுக்கு ஒரு பிடி. ஹெப்சிபா டீச்சரு மட்டும் ரெண்டு பிடி, அதுக்குக் கை சின்னது."

ஆண்டவருக்கென்று சோற்றுப் பானையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைக்கிற சபை அது. ஏழை வீட்டிலும் அந்தப் பிடி அரிசிக் கலயம் இருக்கும். கட்டடத்துக்குப் பிடி அரிசி, ஊழியத்துக்குப் பிடி அரிசி என்று கொடுத்துப் பழகின கைகள், ஒரு குதிரைக்கு உடம்பு தேற வேண்டும் என்றதும் பிடி கொள்ளு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஞானசிங் பாட்டுக் குழுவோடு அரை மணி நேரம் உள்ளே இருப்பார். தபீதாள் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துவாள். அந்த அரை மணி நேரத்தில் பதினாலு பெண்களும் புளிய மரத்தடியில் வரிசையில் நின்று ரூத்துக்கு ஊட்டியிருக்கிறார்கள்.

"ஏன் எங்கையில சொல்லல?"

"சொன்னா நீங்க நன்றி கின்றின்னு சொல்லிக்கினு நிப்பீங்க. நமக்குள்ள அது எதுக்குன்னுதான்..." சுந்தரம்மாவுக்கு இப்போதுதான் மூவரின் முகமும் சரியில்லை என்று பட்டது. "ஏன், கொள்ளு நல்லதில்லையா? முதுகு எப்பிடி ஏறிக்கீது பாரு! எல்லாம் எங்க கொள்ளுதான்."

யூனிஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அத்தே, முதுகு ஏறினது மசாலுல. தடிப்பு ஏறினது உங்க கொள்ளுல" என்று நிதானமாகச் சொன்னாள்.

சுந்தரம்மா கையில் இருந்த கொள்ளையும் ரூத்தின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

ஞானசிங் விடவில்லை. "உங்களுக்கு யார் சொன்னது ரூத்துக்கு ஒடம்பு சரியில்லன்னு? பதினாலு பேருக்கு வாராவாரம் கொள்ளு ஏது?"

"சர்ச்சுல, வெஸ்ட்ரி ரூம்ல மூட்டை கீதே..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் சுந்தரம்மா. "சொல்லக் கூடாதுன்னாரு."

"யாரு?"

அவள் தரையைப் பார்த்தாள். "மூப்பரய்யா."

ரூத் காலை மாற்றி வைத்தது.

சபை மூப்பர் தேவானந்தம், மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞானசிங்கின் கூடப் பிறந்த அண்ணன். இரண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம். அம்மா செத்த அன்று, பெட்டியைத் தன் ஜட்காவில் ஏற்றிக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டுமென்று ஞானசிங் அப்போது இருந்த குதிரையைக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார். அம்மாவின் ஆசையும் அதுதான். வாசலில் வந்து நின்றது ஆஸ்பத்திரி வேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். ஞானசிங் காலி ஜட்காவோடு பின்னால் போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் 'அண்ணன்' என்ற வார்த்தையே கிடையாது. 'அந்தாளு' உண்டு, 'மூப்பரு' உண்டு.

ஞானசிங்குக்குப் பேச்சு வந்துவிட்டது. "அதான பாத்தேன்! அம்மாவுக்கு ஜட்கா ஆவாதுன்னான் அன்னிக்கி. இன்னிக்கி எனக்கே ஜட்கா இல்லாம பண்ணிட்டான். மூட்டை வாங்கி வச்சி பண்ணிக்கிறான்! தம்பி ஜட்காக்காரன்னு சொல்லிக்க வெக்கம் அவனுக்கு. இன்னியோட அந்த வெக்கம் தீந்திடும்."

தபீதாளுக்கு இனி மறைத்துப் பிரயோஜனமில்லை.

"யூனிஸ் நைனா, கொஞ்சம் நிறுத்து. சீட்டு எழுதினது நான்."

"என்னா சீட்டு?"

"ஜெபச் சீட்டு. பொம்பளைங்க கூட்டத்துக்குன்னு பெட்டில போட்டேன். ரூத்து ஒடம்பு தேறணும், லைசன்ஸு கெடைக்கணும், ஜெபம் பண்ணுங்கன்னு எழுதினேன். ஊரெல்லாம் சொல்லிட்டியான்னு நீ கத்துவேன்னு உங்கையில சொல்லல. கொள்ளு ஆவாதுன்னு அதுல எழுதணும்னு எனக்குத் தோணல. ஜெபம் பண்றவங்களுக்கு எதுக்கு அதுன்னு நெனச்சேன்." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "பெட்டியத் தொறக்கறது மூப்பரு வேலை. அவுரு படிச்சிக்கிறாரு. படிச்சிட்டு சும்மா இல்லாம மூட்டை வாங்கி வச்சிக்கிறாரு. பேரு தெரியக் கூடாதுன்னுக்கிறாரு. கெடுக்கறவன் செய்யற வேலையா இது? நீயே சொல்லு."

ஞானசிங் வாளியை எடுத்து ரூத்தின் முதுகில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றத் தொடங்கினார். நாலு வாளி, எட்டு வாளி. யூனிஸ் ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். பத்து மணிக்குள் பாதித் தடிப்பு வடிந்தது. மீதிப் பாதி வடிய மாட்டேன் என்றது.

சுந்தரம்மா போகவில்லை. செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடிக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றாள். "ஒண்ணு செய்யேன் ஞானசிங்கு. மேல ஜமுக்காளத்தப் போத்திக்கினு போ. டாக்டரு நின்னு நிதானமாவா பாக்கப்போறாரு? எட்டு வண்டி பாக்கணும் அவுரு."

தபீதாளுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. பெட்டியிலிருந்து பவானி ஜமுக்காளத்தை எடுத்து வந்தாள். ஞானசிங் அதை ரூத்தின் மேல் விரித்தார். நாலடி பின்னால் போய்ப் பார்த்தார். வலப்பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு உருவி எடுத்துத் தபீதாளின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"ஏன்?"

"தடிப்ப மறைச்சா முதுகும்தான மறையுது. அவுரு பாக்க வேண்டியதே முதுகுதான். மூணு மாசமா அதத்தான ஏத்தினோம்?"

தபீதாளும் யூனிஸும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது ஞானசிங், "உன் கையெழுத்து அவுருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கண்ணாலம் ஆன புதுசுல சபைக் கணக்கு எழுதச் சொல்லிக் குடுத்தவரே அவுருதான, தெரியாதா?" என்றாள் தபீதாள். 'அவுரு' என்று புருஷன் சொன்னதைக் கவனித்தாள். அந்தாளு இல்லை, மூப்பரு இல்லை, அவுரு. மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

மைதானத்தில் ஏற்கெனவே ஆறு ஜட்கா நின்றன. நாகபூஷணம் வெயிலில் குடையில்லாமல் நின்று, பல்லைப் பார்த்து, குளம்பைத் தட்டி, முத்திரையைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். ஆனால் கெஞ்சினால் எரிச்சல் வரும், பொய் சொன்னால் அதைவிட எரிச்சல் வரும்.

ரூத்தின் முறை வந்தது. அவர் உள்ளங்கையை முதுகில் வைத்து முன்னும் பின்னும் ஓட்டினார். புருவம் உயர்ந்தது. இரண்டாம் தடவை ஓட்டினார். "பாகுந்தே! இது அதே குதிரையா?" என்றார். தபீதாளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அடுத்த நொடியே நின்றது.

"இதி ஏமிடி? தோல் வியாதியா? தொத்து வியாதின்னா நான் முத்திரை போட முடியாது. மத்த குதிரைக்கெல்லாம் ஒட்டிக்கும்."

"தொத்து இல்ல சார்" என்று யூனிஸ் முன்னால் வந்தாள். தீனியை ஒன்றும் விடாமல் ஒப்பித்தாள். தடிப்பு திங்கட்கிழமை வருவதும் புதன்கிழமை போவதும் சொன்னாள். லத்தியில் பார்த்ததையும் கூச்சமில்லாமல் சொன்னாள். நாகபூஷணத்துக்குக் கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது.

"எந்த இயர்?"

"தர்டு இயர் சார்."

"நல்லா பாத்திருக்கே. கொள்ளுதான், சந்தேகமில்லை. ஆனா ஒரு விஷயம். இதே மாதிரி ஊறாத கொள்ளைப் போட்டுக்கினே இருந்தா ஒரு நாளைக்கு வயித்து நோவு வந்து நடுரோட்டில விழும். வண்டியில ஜனங்க இருப்பாங்க. போடறது யாருன்னு தெரியணும், அவன் நிறுத்தணும். அப்பதான் நான் போடுவேன்." ஞானசிங்கின் பக்கம் திரும்பினார். "யாரய்யா போட்டது?"

தபீதாள் அப்போதுதான் பார்த்தாள். மைதானத்து வேலியோரம் வேப்ப மரத்தடியில், வெள்ளை வேட்டி, மடித்த குடை, தேவானந்தம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. ஞானசிங்கும் பார்த்துவிட்டார். அவர் கழுத்து நரம்பு அசைந்ததிலிருந்து தபீதாளுக்குத் தெரிந்தது.

யாரோ சபைக்காரங்க என்று சொல்லலாம். மூப்பரு ஒருத்தரு என்று சொல்லலாம். ஒரு மூட்டைக் கொள்ளின் பழியைத் தூக்கிப் போட்டுப் பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து ஊர் முன்னால் பழி தீர்த்துக்கொள்ளலாம். தபீதாள் ஜமுக்காளத்தை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொண்டுவந்தது எதற்கென்று அவளுக்கே தெரியாது.

"எங்க அண்ணன் சார்" என்றார் ஞானசிங்.

குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் பாட்டுக் குழுவில் கீழ்ச் சுரம் பாடுகிற குரல், வேப்ப மரம் வரைக்கும் போயிற்று.

"அண்ணனா? உனக்கும் அவருக்கும் சண்டையா?"

"சண்டைதான் சார். ஆனா இத சண்டைக்காகப் போடல. ஆசையா போட்டுக்கிறாரு. குதிரைக்குக் கொள்ளுன்னுதான எல்லாருக்கும் தெரியும்? இதுக்கு ஆவாதுன்னு அவுருக்குத் தெரியாது. நாங்க யாரும் சொல்லல."

"இப்ப சொல்லுவியா?"

ஞானசிங் வேப்ப மரத்தைப் பார்த்தார். "சொல்றேன் சார்."

நாகபூஷணம் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். லைசன்ஸ் புத்தகத்தை வாங்கி, முட்டி மேல் வைத்து, டொப் என்று முத்திரையை அடித்தார். "தடிப்பு நாளன்னிக்கிப் போயிடும். முதுகு போவாது. நீ சொல்லுவேன்னு நம்பிப் போடறேன், போ."

யூனிஸ் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். தபீதாள் ரூத்தைக் கட்டிக்கொண்டு, ஈரமும் தடிப்புமாக இருந்த கழுத்தில் முகத்தை வைத்து அழுதாள். நல்ல அழுகை. மூன்று மாசத்து அவிசெ வாசனை அதோடு கரைந்து போயிற்று.

ஞானசிங் புத்தகத்தைப் பையில் வைத்தார். ரூத்தின் கடிவாளத்தைப் பிடித்து, வண்டியோடு வேப்ப மரத்தைப் பார்த்து நடந்தார். வாக்குக் கொடுத்தாயிற்று, சொல்லியாக வேண்டும். ஆனால் பதினோரு வருஷம் பேசாத வாய்க்கு முதல் வார்த்தை அவ்வளவு லேசில் கிடைக்குமா? அண்ணனுக்கு எதிரே நின்றார். தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் கனைத்தார்.

தேவானந்தம் குதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டும்போதுகூட அச்சடித்த தமிழில் திட்டுகிற வாத்தியார் அவர்.

"அப்போ அதுக்கு இன்னாதான்டா போடறது?" என்று கேட்டார்.

சின்ன வயசில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு பேசின பேச்சு அது. ஞானசிங்குக்கு முகம் கோணிக்கொண்டது.

"மசாலு போடணும்ணா. பச்சையா. அப்பறம் கடலைக்கொடி, மண்ணு போக உதறி. அப்பறம்..." அவிசெ என்ற வார்த்தை வெளியே வரவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வூட்டுக்கு வாண்ணா. காட்டறேன். ஏறு."

தேவானந்தம் ஜட்காவின் இரும்புப் படியைப் பார்த்தார். ரயிலடியிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தாலும் நடந்தே வருகிற மனுஷர். தம்பி ஓட்டும் வண்டியில் இந்த ஜன்மத்தில் ஏறினதில்லை. குடையை யூனிஸின் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார், ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். வண்டி பின்பக்கம் தாழ்ந்தது. ரூத் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றது.

"அங்க எங்க ஏர்றீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல். தேவானந்தத்தின் மனைவி ஞானசௌந்தரி நின்றிருந்தாள். அவள் கண் புருஷனைப் பார்க்கவில்லை, ஜட்காவைப் பார்த்தது. அந்தப் பார்வையைத் தபீதாள் இதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். மாமியாரின் பெட்டி வாசலில் காத்திருந்த அன்று.

அன்றைக்கு வேனைக் கூப்பிட்டு அனுப்பினது யார் என்று, பதினோரு வருஷம் கழித்து, தபீதாளுக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

தேவானந்தத்தின் கால் இன்னும் படியின் மேல்தான் இருந்தது.